சுதந்திர சதுக்கத்தில குடும்பத்தோட ஒரு முழு நாள்: அப்பிடி என்ன இருக்கு அங்க?

வெள்ளவத்தைக்காரி:
கனடாவில இருந்து அண்ணா குடும்பம் வந்து நிக்கினம். ஆள் எப்ப வந்தாலும் கோல்ஃபேஸ் கடற்கரை, ரெண்டு மோல், பிறகு நேர யாழ்ப்பாண பஸ், அவ்வளவுதான் கொழும்பு. இந்த முறை நான் விடேல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க சுதந்திர சதுக்கமும் அதைச் சுத்தின இடங்களும்தான் எண்டு அடம்பிடிச்சு எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனன். போகேக்க வானுக்குள்ள ஒரே சண்டை, "அங்க ஒரு மண்டபமும் கொஞ்ச சிங்கமும்தானேடி, அரை மணித்தியாலத்துக்கு மேல என்ன செய்யிறது" எண்டு அண்ணா, "மாமி வைஃபை இருக்கா" எண்டு மூத்தவன், அம்மா மட்டும் புட்டுப் பார்சலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தா.

நாங்கள் விடிய வெள்ளன, வெய்யில் ஏற முதல் போயிட்டம். அதுதான் முதல் ரகசியம். அந்த நேரம் சதுக்கம் முழுக்க நடக்கிற ஆக்களும் ஓடுற ஆக்களும்தான், கறுவாத்தோட்டத்து மரமெல்லாம் பனியில நனைஞ்ச மாதிரி நிக்கும். மண்டபம் நாலு பக்கமும் திறந்தது, சுவரே இல்லை, காத்து இந்தப் பக்கத்தால வந்து அந்தப் பக்கத்தால போகும், அம்மா அந்தப் படியில இருந்து எழும்பவே மாட்டன் எண்டுட்டா. சின்னவள் சிங்கங்களுக்குப் பேர் வைக்கத் தொடங்கினாள், பிறகு ஒண்டில ஏறப் பாக்க காவலாளி ஐயா விசில் ஊதினார், நியாயம்தான்.

பிறகு முதல் பிரதமர் டீ.எஸ். சேனநாயக்கவின்ட சிலைக்கு முன்னால நிண்டு 1948 கதையைச் சொன்னன். பெப்ரவரி 4 சுதந்திரம், 10ஆம் திகதி இதே இடத்திலதான் பிரித்தானிய ராசாவின்ட தம்பி குளொஸ்டர் கோமகன் வந்து புதுப் பாராளுமன்றத்தைச் சம்பிரதாயமாத் திறந்து வச்சவர், அப்ப இதுக்கு டொரிங்டன் சதுக்கம் எண்டு பேர், இந்த மண்டபம் அதுக்குப் பிறகுதான் கட்டினது எண்டெல்லாம். மூத்தவன் போனை வச்சிட்டுக் கேட்டான், அதுவே பெரிய விசயம்.

ஒம்பது மணிக்குப் பிறகு தேசிய நூதனசாலை, அதுதான் மியூசியம், மத்தியானம் விகாரமகாதேவி பூங்காவில மரத்துக்குக் கீழ புட்டும் முட்டைப்பொரியலும், வெய்யில் கூடின நேரம் சதுக்கத்துப் பக்கத்து ஆர்கேட் கடைத்தொகுதிக்குள்ள, பின்னேரம் திரும்பச் சதுக்கம். இருட்டுப்பட்டுத்தான் வீட்டை வந்தம். அண்ணா இப்பவும் சொல்லுறார் கோல்ஃபேஸ்தான் திறம் எண்டு. நான் சொல்லுறன் கொழும்பில பிள்ளையளோட ஒரு நாள் எண்டா இதை விட இடம் இல்லை எண்டு. நீங்கள் சொல்லுங்கோ.

கோல்ஃபேஸ்_காத்தாடி:
உங்கட அண்ணா சொல்றது சரி அக்கா. கடல் இருக்கு, பட்டம் இருக்கு, இஸ்ஸோ வடை இருக்கு, பிள்ளைகள் ஓடி விளையாட ஏலும். சதுக்கத்தில என்ன, கல்யாண ஃபோட்டோ எடுக்கிற ஜோடிகளும் ஜொகிங் போற பணக்காரரும்தான். ஒரு நல்ல கடலை வண்டி கூட அம்பிடாது.

வெள்ளவத்தைக்காரி:
கடலை வண்டி விசயத்தில நான் ஒண்டும் கதைக்கேல்லை, அது உண்மை. ஆனா மத்தியானம் 12 மணிக்கு கோல்ஃபேஸில அம்மாவை வச்சிருக்க ஏலுமோ? ஒரு நிழல் காட்டுங்கோ பாப்பம்.

கொம்பனித்தெரு_மச்சான்:
அக்கா நூதனசாலைய ஒரு வரியில தாண்டிட்டீங்களே, ஞாயமா இது? சதுக்கத்துல ஈந்து நடந்தே போகலாம், கொஞ்சம் கூடினா இருவது நிமிஷம். அந்த வெள்ளைக் கட்டடத்த கட்டினது எங்கட ஆள் தெரீமா, வாப்புச்சி மரைக்கார். பிளான் போட்டது ஸ்மிதர் என்ட வெள்ளக்காரர், கட்டிக் குடுத்தது மரைக்கார், 1877ஆம் ஆண்டு ஜனவரி 1 திறந்தாங்க. கவர்னர் கிரெகரி திறப்பு நாள்ல "உங்களுக்கு என்ன பரிசு வேணும்" என்டு கேட்டாராம், மரைக்கார் "வெள்ளிக்கிழமையில நூதனசாலைய பூட்டிருங்க, அது போதும்" என்டு சொன்னாராம், ஜும்ஆ நாள் இல்லயா. எங்கட உம்மம்மா இத சொல்லாம ஒரு நாளும் அந்த ரோட்டால போனதில்ல. கன காலமா வெள்ளிக்கிழமைன்டா பூட்டித்தான் ஈந்திச்சி. கிரெகரிட சிலை முன்னுக்கே நிக்குது, மரைக்கார்ட சிலையத்தான் காணல்ல, அது வேற கதை.

உள்ளுக்கு போனா புள்ளைகளுக்கு கட்டாயம் காட்ட வேண்டியது காலி கல்வெட்டு. 1409ஆம் ஆண்டு திகதி போட்ட, சீன அட்மிரல் செங் ஹே கொண்டாந்த கல்லு. ஒரே கல்லுல சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும். சீனத்துல புத்தர புகழ்ந்தீக்கி, தமிழ்ல தேவேந்திரமுனை பக்கத்து தெனவரை நாயனார் என்ட சாமிய புகழ்ந்தீக்கி, பாரசீகத்துல அல்லாஹ்வ புகழ்ந்தீக்கி. மூணு பேருக்கும் காணிக்கையா பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்டு கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட். யாவாரத்துக்கு வந்தவன் யாரையும் பகைச்சிக்கொள்ளல்ல, பார்த்தீங்களா. 1911ல காலியில கண்டெடுத்தப்போ அது ஒரு மதகுக்கு மேல மூடியா கவுந்து கெடந்திச்சாம்!!

பம்பலப்பிட்டி_தாய்:
அந்தக் கல்வெட்டு கண்ணாடிக்குள்ள இருக்கிறதோ? எழுத்து வாசிக்க ஏலுமோ? என்ட மகள் ஒன்பதாம் ஆண்டு, வரலாறு எண்டா கொட்டாவி விடுறாள்.

கொம்பனித்தெரு_மச்சான்:
தேஞ்சி போய்ட்டு, சும்மா பார்த்து வாசிக்க கஷ்டம். ஆனா தமிழ் எழுத்து என்டு கண்டு புடிக்கலாம், ஒரு சொல்லாவது கண்டு புடிக்கிறவங்களுக்கு ஐஸ்கிறீம் என்டு சொல்லுங்க, கொட்டாவி நிண்டுரும்.

வெள்ளவத்தைக்காரி:
நாங்கள் நூதனசாலையில கன நேரம் நிண்டது பொலன்னறுவை வெண்கலச் சிலையளுக்கு முன்னால. நடராசர், அம்மன், நாயன்மார். அம்மா செருப்பைக் கழட்டிட்டு கும்பிடத் தொடங்கிட்டா, பக்கத்தில நிண்ட வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் விலகி இடம் விட்டவர். சோழர் பொலன்னறுவையைப் பிடிச்சு ஆண்ட கதையை அண்ணா பிள்ளையளுக்கு அப்பத்தான் சொல்லத் தொடங்கினார், ஆளுக்கு அதுவரைக்கும் வாயே திறக்கேல்லை. உண்மையா அந்த அறைக்காகவே போகலாம்.

பேராதனை_பழசு:
எல்லாரும் ஒரு விசயத்தை விட்டிட்டீங்கள். அந்த நூதனசாலையில இருக்கிற கண்டிச் சிம்மாசனத்தையும் சதுக்கத்து மண்டபத்தையும் ஒரே நாளில பாத்தாத்தான் கதை முழுசா வரும், வெள்ளவத்தை அக்கா தெரிஞ்சோ தெரியாமலோ சரியான ஒழுங்கிலதான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா.

சதுக்கத்து மண்டபம் புதுசா யோசிச்சுக் கட்டின வடிவம் இல்லை. கண்டி அரண்மனையில, புத்தரின்ட பல்லை வச்சிருக்கிற தலதா மாளிகைக்குப் பக்கத்தில மகுல் மடுவ எண்டு ராசசபை மண்டபம் இருக்குத்தானே, அதின்ட வடிவம்தான். அங்க செதுக்கின மரத்தூண், இங்க கொங்கிறீற். 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தை வாசிச்சு, மிச்சமிருந்த கண்டி ராச்சியத்தையும் பிரித்தானியாவிட்ட குடுத்தது அந்த மகுல் மடுவவிலதான். நாடு கைமாறின மண்டபத்தின்ட அச்சிலயே நாடு திரும்பிக் கிடைச்சதுக்கு நினைவு மண்டபம் கட்டியிருக்கினம். இது தற்செயல் இல்லை, யோசிச்சுச் செய்த வேலை.

இனி நம்மட ஆக்கள் கதைக்காத பகுதி. மகுல் மடுவவைக் கட்டத் தொடங்கினது ராஜாதி ராஜசிங்கன், 1780கள்ல. ஆள் நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து உறவு. அவருக்குப் பிறகு வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி எண்டு பிறந்த பேர், அவர்தான் கடைசி ராசா. 1815 பெப்ரவரியில பிடிச்சு, அடுத்த வருசம் வேலூருக்கு நாடு கடத்தி, அங்கயே 1832 ஜனவரி 30 செத்துப் போனார். சமாதி இப்பவும் வேலூரில பாலாற்றங்கரையில இருக்கு. அவர் இருந்த சிம்மாசனமும் போட்ட முடியும் இங்கிலாந்துக்குப் போய், 1934இல திரும்பி வந்தது. கொண்டு வந்து குடுத்தது ஆர் தெரியுமோ? அதே குளொஸ்டர் கோமகன் ஹென்றி. 14 வருசத்துக்குப் பிறகு 1948இல அதே மனுசன் திரும்ப வந்து பாராளுமன்றத்தைத் திறந்தார். முதல் கதிரையைக் குடுத்தார், பிறகு ஆட்சியைக் குடுத்தார்.

தெலுங்கு_இல்லையா:
நாயக்கர் தெலுங்கர் சேர். அவங்கள தமிழ் ராசான்னு சொந்தம் கொண்டாடுறது சரியா?

பேராதனை_பழசு:
நான் தமிழ் ராசா எண்டு எங்க எழுதினன்? நாயக்கர் எண்டுதான் எழுதினன், வாசிச்சுப் பாருங்கோ. வீட்டில தெலுங்கு, வெளியில தமிழ் சிங்களம் ரெண்டும், கும்பிடுறது சிவனை, காக்கிறது தலதாவை. இப்பத்தைய பெட்டியளுக்குள்ள அவையைப் போட ஏலாது. அதுதான் பிள்ளையளுக்குச் சொல்லவேண்டிய கதை.

தெலுங்கு_இல்லையா:
சரி சரி, பேருக்கேத்த மாதிரி ஒரு கேள்வி கேட்டேன், கோவிச்சுக்காதீங்க 😄

ஹட்டன்_லயம்_நம்பர்7:
எல்லாரும் சந்தோசமா எழுதுறீங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா, சண்டைக்கு இல்ல. நான் பதினஞ்சு வயசுல கொழும்புக்கு கடை வேலைக்கு வந்தவன். லீவு நாள்ல பசங்க எல்லாரும் சேர்ந்து சுதந்திர சதுக்கத்துக்கு போவோம், காசு கேக்காத இடம், யாரும் எழுப்பி விடாம ஒக்காரலாம். ஒரு தடவ தாத்தா தோட்டத்துல இருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, அவர கூட்டிட்டு போயி காட்டினேன். சுத்திப் பாத்துட்டு அவரு சொன்னது, "1948ல இவங்களுக்கு இது கெடச்சுச்சு, நமக்கு இருந்தது போச்சு."

அவரு சொன்னது பொய் இல்லீங்க. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம். சுதந்திரம் பெப்ரவரியில, சட்டம் நவம்பர்ல அமுலுக்கு வந்துச்சு. இந்தியாவுல இருந்து வந்த எங்க மலையகத் தோட்டத்து ஆளுங்க ஏழு லட்சம் பேர் கிட்ட எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்களா ஆயிட்டாங்க. அடுத்த வருசம் ஓட்டும் போச்சு. அப்புறம் 1964ல எங்கள ரெண்டு நாடும் பங்கு போட்டுக்கிட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், எங்க தாத்தாவோட அண்ணன் தம்பிங்க பாதி கப்பல் ஏறி கூடலூர் பக்கம் போயிட்டாங்க, பாதி இங்க. 2003ல சட்டம் வந்துதான் மிச்சம் இருந்த ஆளுங்களுக்கும் முழுசா பிரஜாவுரிமை கெடச்சுது. தாத்தாவுக்கு அடையாள அட்ட கெடச்சப்போ தலையில ஒரு கருப்பு முடி கெடையாது.

போக வேணாம்னு சொல்லல, நானும் இப்போ என் பிள்ளைய கூட்டிட்டு போறேன். ஆனா டீ.எஸ். சிலைக்கு முன்னாடி நின்னு 1948 கதைய சொல்றப்போ பெப்ரவரியோட நிறுத்தாதீங்க, நவம்பர் வரைக்கும் சொல்லுங்க.

வெள்ளவத்தைக்காரி:
இதை வாசிச்சிட்டு அண்ணாவுக்கும் காட்டினன். கனடாவில பிறந்த பிள்ளையளுக்கு பிரஜாவுரிமை எண்டா பாஸ்போட் எண்டதுக்கு மேல ஒண்டும் விளங்காது. மூத்தவன் கேட்டான், "அப்ப அவை ஒரு நாடும் இல்லாமல் எப்பிடி பள்ளிக்கூடம் போனவை?" எண்டு. நான் உங்கட பதிவை வாசிச்சுக் காட்டினன், அவன் அதுக்குப் பிறகு தானே கூகிளில தேடத் தொடங்கிட்டான்.

ஹட்டன்_லயம்_நம்பர்7:
பள்ளிக்கூடம்னா தோட்டப் பள்ளிக்கூடம், ஒரு ஹோல், ஒரு வாத்தியார், அஞ்சாம் வகுப்போட சரி. மருமகனுக்கு சொல்லுங்க, நல்ல கேள்வி கேட்டிருக்கான்.

கொட்டாஞ்சேனை_வாத்தி:
இதோட சேத்து ஒண்டு. 1949 பெப்ரவரி 4 முதலாம் ஆண்டு விழா இதே டொரிங்டன் சதுக்கத்தில நடக்கேக்க தேசியப் பாட்டைச் சிங்களத்திலயும் தமிழிலயும் பாடினவை. தமிழாக்கம் பண்டிதர் நல்லதம்பியின்ட. பிறகு அரச விழாவில தமிழைக் கேக்க 2016 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது, அது கோல்ஃபேஸில. 2020இல விழா திரும்ப இதே சதுக்கத்துக்கு வந்துது, அப்ப தமிழ் இல்லை. 1949இல தமிழில பாடின அதே இடம்! நான் வகுப்புப் பிள்ளையளை அங்க கூட்டிக்கொண்டு போகேக்க இதை மட்டும் சொல்லிப்போட்டுப் பேசாமல் நிப்பன், அவங்களே சண்டை பிடிக்கத் தொடங்குவாங்கள், பிறகு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கோல்ஃபேஸ்_காத்தாடி:
பாத்தீங்களா, 2016 நல்ல விசயம் நடந்தது கோல்ஃபேஸில 😎

கொட்டாஞ்சேனை_வாத்தி:
நீர் கடலை வண்டி வச்சிருக்கிறீரோ தம்பி அங்க?

ராமநாதபுரம்_ரேடியோப்பெட்டி:
இந்தப் பக்கம் கடலுக்கு அக்கரையில இருந்து ஒரு ஆள் ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருக்கேன், உள்ள வரலாமா? சுதந்திர சதுக்கம்னு நீங்க எல்லாம் மண்டபத்தப் பத்தியே பேசுறீங்க, எனக்கு அந்த விலாசம் வேற. சின்ன வயசுல எங்க ஊர்ல மெட்ராஸ் ஸ்டேஷன் எடுக்காது, கொழும்புதான் கணீர்னு எடுக்கும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, இவங்க குரல்லதான் எங்க தெருவே விடியும். அக்கா பிறந்தநாள் வாழ்த்துக்கு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டுட்டு, பேர் சொல்வாங்களா சொல்வாங்களான்னு வீடே ரேடியோவச் சுத்தி ஒக்காந்திருக்கும். அந்த நிலையம் இந்த சதுக்கத்துலதான் இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. குடும்பத்தோட வந்தா வெளிய நின்னாவது பாக்க முடியுமா?

காலைநடை_ஐயா:
வாங்கோ தம்பி. வெளியில நிண்டு தாராளமாப் பாக்கலாம், உள்ளுக்குப் போறதுக்கு முன்கூட்டி அனுமதி எடுக்கவேணும். நான் தினமும் விடிய அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நடக்கிறனான். கொழும்பில வானொலி தொடங்கினது 1925 டிசம்பர் 16. ரெண்டாம் உலக யுத்தத்தில நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின்ட ஆக்கள் சிப்பாய்மாருக்கெண்டு பெரிய சக்தியில ஒலிபரப்பு நடத்தினவை, யுத்தம் முடிஞ்சாப்பிறகு அந்தச் சாமான் எல்லாம் இலங்கை வானொலியின்ட கைக்கு வந்திட்டுது. உங்கட ஊருக்கு மெட்ராஸை விடக் கொழும்பு கணீர் எண்டு கேட்டதுக்கு கடலும் ஒரு காரணம், அந்த யுத்தகால டிரான்ஸ்மிற்றரும் ஒரு காரணம். ஹிந்திக்காரருக்கு அமீன் சயானியின்ட பாட்டுக் கணக்கெடுப்பு போனதும் இந்த நிலையத்தாலதான், 1952இல இருந்து. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எண்டு மாறினது 1967.

எங்கட ஆக்கள் சதுக்கத்துக்குப் போய் சிங்கத்தோட செல்ஃபி எடுத்துப்போட்டு இந்தக் கட்டடத்தைத் திரும்பியும் பாக்கிறேல்லை. முழுத் தமிழ்நாட்டையும் இங்க இருந்து ஒரு மைக்கால கட்டிப் போட்டவை. அதுக்கு முன்னால நிண்டு படம் எடுங்கோவன்.

கொம்பனித்தெரு_மச்சான்:
அப்துல் ஹமீது சேர்ட குரலுக்கு எங்கட ஊட்ல ரேடியோவுக்கு முன்னால கதைக்கவே ஏலாது, வாப்பா பெல்ட்ட எடுப்பாரு.

ராமநாதபுரம்_ரேடியோப்பெட்டி:
பாட்டுக்குப் பாட்டு நடக்கும்போது எங்க வீட்டுலயும் அதே பெல்ட்தான்.

றேஸ்கோர்ஸ்_பெடியன்:
பெடியங்கள் ஆரும் வந்தா றேஸ்கோர்ஸை விடாதீங்கோ, சதுக்கத்தில இருந்து எட்டி நடந்தா வந்திடும். இப்ப கடையும் ரக்பி மைதானமும். முந்தி குதிரை ஓடின இடம், யுத்த நேரம் அதை விமான ஓடுபாதையா மாத்தி வச்சிருந்தவங்கள். 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போடேக்க இங்க இருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பினது அவனுக்கு எதிர்பாராத அடி, குதிரைப் பந்தயத் திடலுக்குள்ள விமானம் ஒளிச்சு வச்சிருக்கு எண்டு அவனுக்குத் தெரியாது. அந்தப் பழைய பார்வையாளர் மேடை இப்பவும் நிக்குது. அதில இருந்து ஒரு மில்க்ஷேக் குடிச்சுக்கொண்டு தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னன், அவன் நம்பேல்லை.

பம்பலப்பிட்டி_தாய்:
ஆர்கேட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. அது உண்மையா முந்தி மனநோய் ஆஸ்பத்திரியோ? அவர் சொன்னார், நான் பகிடி எண்டு நினைச்சன்.

காலைநடை_ஐயா:
பகிடி இல்லை பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின்ட கடைசியில கட்டினது, ஜாவத்தை மனநோயாளர் காப்பகம். பிறகு ஆக்களை அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம், கட்டடத்தில அரசாங்கக் கந்தோர்கள் வந்தது, கணக்காய்வாளர் நாயகத்தின்ட திணைக்களமும் அதில இருந்தது. 2014இல திருத்தி ஆர்கேட்டாத் திறந்தவை. நான் உத்தியோகம் பாத்த காலத்தில அந்த வளவுக்குள்ள ஃபைலோட போய் வந்திருக்கிறன், சுவரெல்லாம் பாசி, கூரையில புறா. இப்ப அதே தாழ்வாரத்தில பிள்ளையள் ஐஸ்கிறீமோட ஓடித்திரியுதுகள். வடிவாத் திருத்தியிருக்கினம், அதை ஒத்துக்கொள்ள வேணும், ஆனா உள்ளுக்குப் பூட்டி வச்சிருந்த மனுசரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கண்ணில படுற மாதிரி எழுதி வச்சிருக்கலாம் எண்டு நான் நினைக்கிறனான்.

வெள்ளவத்தைக்காரி:
அண்ணி அங்கதான் கன நேரம் நிண்டவ. நான் அந்தக் கதையைச் சொன்னவுடன "அப்ப கோப்பி விலையைப் பாத்து அங்கொடைக்குப் போகவேண்டி வரும்" எண்டா. சாப்பாட்டு விலை குடும்பத்துக்குச் சரிவராது, அதுதான் புட்டுப் பார்சல். ஆனா வயசுபோன ஆக்களோட போறவைக்கு அந்த இடம் வேணும், கழிவறை சுத்தம், இருக்க வாங்கு இருக்கு, நிழல் இருக்கு. சதுக்கத்தில ஒரு வயசுக்குப் பிறகு அதுதான் முதல் கவலை.

புதுவரவு_கிருலப்பனை:
எல்லாத்தையும் ஒரே நாளில பாத்தா சின்னப் பிள்ளை அழாதா? எனக்கு மூண்டு வயசில ஒண்டு, வயித்தில ஒண்டு. எதை விடலாம்?

வெள்ளவத்தைக்காரி:
அழும் தங்கச்சி, நிச்சயமா அழும். நீங்கள் நூதனசாலையை விட்டிடுங்கோ, மூண்டு வயசுக்கு அது ஒண்டும் செய்யாது. விடிய மண்டபம், பிறகு விகாரமகாதேவி பூங்கா, அங்க ஊஞ்சலும் மரமும் இருக்கு, பாதையைத் தாண்டினா வெள்ளையா டவுண் ஹோல் தெரியும், அதைக் காட்டி "ராசான்ட வீடு" எண்டு சொன்னாக் காணும். பதினொரு மணிக்கு முதல் வீட்டை வந்திடுங்கோ. மண்டபத்துக்குக் கீழ சின்ன மியூசியம் ஒண்டு இருக்கு, படி இறங்கவேணும், உங்களுக்கு இப்ப அது வேண்டாம்.

கோல்ஃபேஸ்_காத்தாடி:
வயித்தில பிள்ளையோட இருக்கிறவ கோல்ஃபேஸ் போனா நல்ல காத்து...

வெள்ளவத்தைக்காரி:
உம்மை ஆராவது இந்த இழையில இருந்து பிடிச்சுக் கட்டுங்கோ.

பஸ்_பைத்தியம்:
வாகனம் இல்லாதவங்களுக்கு: மகரகமை, நுகேகொடை, கிருலப்பனை பக்கம் இருந்து வந்தா 138 எடுத்து நூதனசாலைக்கு கிட்ட இறங்கலாம், அங்க இருந்து நடை. வெள்ளவத்தை பம்பலப்பிட்டி ஆட்கள் தும்முல்லை சந்திக்கு வந்து இறங்கி கெம்பஸ் பக்கத்தால நடங்க, ரெண்டு பக்கமும் மரம், அதுவே ஒரு டூர். குடும்பம் பெருசுன்னா பிக்மீ ஆப்ல ஒரு வான் பிடிக்கிறது த்ரீவீல் ரெண்டு பிடிக்கிறத விட லாபம். முக்கியமான விசயம், ஜனவரி கடைசியில போகாதீங்க. சுதந்திர தின விழா சதுக்கத்துல வைக்கிற வருசம்னா ஒத்திகைக்கு ரோட்டெல்லாம் பூட்டு, ட்ராஃபிக்ல அரை நாள் போயிடும். பாடசாலை விடுற நேரமும் ஆகாது, சுத்தி எல்லாம் பெரிய ஸ்கூல்ஸ்.

பேராதனை_பழசு:
ஜனவரி கடைசி வேண்டாம் எண்டதை நான் ஆமோதிக்கிறன். பின்னேரம் சதுக்கத்தில நிக்கிறவை இன்னொண்டும் செய்யுங்கோ, தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கோ, செதுக்கல் எல்லாம் கண்டிப் பாணி, பிறகு எப்பவாவது கண்டிக்குப் போகேக்க மகுல் மடுவவின்ட மரத்தூணோட ஒப்பிட்டுப் பாக்கலாம். எனக்கெண்டா மரத்தூண்தான் உயிரோட நிக்குது, கொங்கிறீற் கொஞ்சம் விறைப்பு. ஆனா மழை வெய்யிலுக்கு நிக்கவேணுமே.

ராமநாதபுரம்_ரேடியோப்பெட்டி:
முடிவு பண்ணிட்டேன். ஸ்கூல் லீவுல பொண்ணையும் அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். அக்காவும் வர்றேங்குது, அந்த போஸ்ட் கார்டு அக்காதான். காலைல மண்டபம், அப்புறம் ரேடியோ ஸ்டேஷன் வாசல், அப்புறம் மியூசியத்துல அந்த மூணு மொழிக் கல்லு. வேலூர் வரைக்கும் ஒரு சுத்து சுத்தி அந்த சமாதியையும் பாத்துட்டு வந்தா கதை இன்னும் சேந்துக்கும் போல. சாப்பாடுதான் குழப்பம், புட்டுப் பார்சல் எங்க கெடைக்கும்?

வெள்ளவத்தைக்காரி:
வெள்ளவத்தையில காலி வீதியோட எந்தக் கடையில கேட்டாலும் கட்டித் தருவினம், சொதியை மட்டும் தனியா ஒரு போத்தலில வாங்குங்கோ, ஊத்திக் கட்டினா மத்தியானத்துக்குள்ள களியாப் போயிடும்.

கொம்பனித்தெரு_மச்சான்:
புட்டெல்லாம் சரி, அக்காட பேர யாராவது அந்த வாசல்ல நிண்டு சத்தமா சொல்லோணும். "ராமநாதபுரத்திலிருந்து" என்டு தொடங்குங்க, மிச்சத்த நாங்க பார்த்துக்கிறம். தேதிய மட்டும் இங்க போடுங்க.

கோல்ஃபேஸ்_காத்தாடி:
நானும் வாறன். கடலை நான் கொண்டு வாறன்.